ஒரு வாளி வெந்நீரின் விலை

மார்கழி மாதத்து விடியற்காலை. மணி ஐந்தரை. மதுரையில் ஒரு வீட்டில் பாட்டி குளியலறைச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டுகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. சிறிது நேரத்தில் வெந்நீர் தயார். பாட்டி, அப்பா, அம்மா, கடைசியாகப் பள்ளிக்குப் புறப்படும் நீங்கள் என்று நான்கு பேரும் வெந்நீர் விளாவிக் குளித்துவிடுகிறீர்கள். எல்லோரும் போன பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து மின்கட்டணம் வருகிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏ.சி. கூடப் போடவில்லையே, எப்படி இவ்வளவு வந்தது?" என்று கேட்கிறார். மீட்டர் கோளாறாக இருக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தொலைக்காட்சியை நிறுத்து, மின்விசிறியை நிறுத்து என்று உங்களுக்கு உத்தரவு வருகிறது. உண்மையான குற்றவாளி குளியலறைச் சுவரில் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

குளிர்ந்த நீரில் குளியுங்கள் என்று உபதேசம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மூட்டு வலி உள்ள முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் வெந்நீர் தேவைதான். ஆனால் வெயிலுக்குப் பெயர் போன மதுரையில், உடல் பொறுக்கும் அளவு சூடான நீருக்காக மின்சாரத்தைச் செலவிடுவது அறிவியல் முறைப்படியும் சிக்கன முறைப்படியும் சரியான வழி அன்று என்பதே என் கருத்து. இதை நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குளிர் நாட்டுக் கதை

வீட்டைச் சூடாக்க மின்சாரத்தை நம்பும் நாடுகள் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தால்தான் சூடாக்கப்படுகின்றன. மாண்ட்ரீல் நகரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் சனவரி, பிப்ரவரி மாத மின்கட்டணத்தை எண்ணிக் கவலைப்படுகின்றன. அங்கே பெரிய ஆறுகளும் நீர்மின் நிலையங்களும் இருப்பதால் ஓரளவு சமாளிக்க முடிகிறது.

பிரான்சு நாட்டில் 1970-களில் அணுமின் நிலையங்கள் ஏராளமாகக் கட்டப்பட்டபோது, வீடுகளிலும் மின் கணப்புகள் பெருகின. இன்று அந்நாட்டில் குளிர்காலத்தில் வெப்பநிலை 1 டிகிரி இறங்கினால், மின்தேவை ஏறத்தாழ 2,400 மெகாவாட் ஏறுகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து எந்திரங்களும் சேர்ந்து முழு மூச்சாக ஓடினால் தருவது 1,050 மெகாவாட். வெறும் ஒரு டிகிரிக்காக அதைப்போல் இரண்டு நிலையங்களுக்கு மேல் வேண்டியிருக்கிறது! 2012 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் பிரான்சின் மின்தேவை 1,02,000 மெகாவாட்டைத் தாண்டியது.

"அது பனி கொட்டும் நாடு. மதுரையில் என்ன குளிர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சனவரி மாத விடியலில்கூட மதுரையின் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நாம் வீட்டைச் சூடாக்குவதில்லை. நீரை மட்டுமே சூடாக்குகிறோம். ஆனால் நீர், சூடாக்குவதற்கு மிகவும் அடம்பிடிக்கும் பொருள். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வாளிக் கணக்கு

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். இது நீரின் தன்வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே எடையுள்ள இரும்பைச் சூடாக்க இதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும்.

ஒரு வாளியில் 15 லிட்டர் நீர் பிடிக்கும் என்று கொள்வோம். தொட்டி நீர் 25 டிகிரியில் இருக்கிறது. குளிக்க இதமான சூடு 40 டிகிரி. அதாவது 15 டிகிரி ஏற்ற வேண்டும்.

15 லிட்டர் × 15 டிகிரி × 4,200 = 9,45,000 ஜூல்.

மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது. நான்கு பேர், ஆளுக்கு இரண்டு வாளி என்றால் எட்டு வாளி. ஒரு நாளைக்கு 2.1 யூனிட். கீசரின் உடல் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் வீணாகும் வெப்பத்தைச் சேர்த்தால் 2.5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 150 யூனிட்!

சுவிட்சை அணைக்க மறந்தால் கதை இன்னும் மோசம். கொதிநீர் நிரம்பிய கீசர், யாரும் குளிக்காவிட்டாலும் மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும். ஆற ஆற அதன் தானியங்கிச் சுவிட்சு மறுபடியும் மின்சாரத்தை இழுக்கும். நாள் முழுவதும் போட்டுவைத்தால் இப்படி வீணாவது மட்டும் அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை போகும்.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். ஒரு வாளி நீரைச் சூடாக்கும் மின்சாரத்தில், 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 29 மணி நேரம் எரியும். இரவு முழுவதும் படித்துவிட்டு விளக்கை அணைக்க மறந்த மாணவன் வாங்கும் திட்டு, உண்மையில் இன்னொருவருக்குச் சேர வேண்டியது!

படி ஏறும் கட்டணம்

மின்கட்டணம் கத்தரிக்காய் விலை போன்றதன்று. கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்கினாலும் ஐந்து கிலோ வாங்கினாலும் கிலோ விலை ஏறாது. மின்சாரமோ கூடுதலாக வாங்க வாங்க யூனிட் விலை ஏறும். ஏழை வீட்டின் விளக்கு மலிவாக எரிய வேண்டும், அதிகம் செலவழிப்பவர் அதிகம் தர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25. 201 முதல் 400 வரை ரூ. 4.50. 401 முதல் 500 வரை ரூ. 6. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101-இலிருந்தே ரூ. 4.50 என்று கணக்கிடப்படும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு ரூ. 8 முதல் தொடங்கும்.

இப்போது நம் மதுரை வீட்டுக்கு வருவோம். வெந்நீர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு மாதத்தில் 360 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 945 ரூபாய். வெந்நீருக்கான 150 யூனிட்டைச் சேர்த்தால் 510 யூனிட். கட்டணம் 2,030 ரூபாய்! வெந்நீருக்கு மட்டும் 1,085 ரூபாய். மற்ற யூனிட்டுகள் சராசரியாக இரண்டரை ரூபாய்ச் சொச்சம். வெந்நீர் யூனிட்டோ ஏழு ரூபாய்க்கு மேல்.

இன்னொன்றையும் பாருங்கள். சரியாக 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,725 ரூபாயோடு போயிருக்கும். கடைசிப் பத்து யூனிட்டின் விலை 305 ரூபாய். அந்தப் பத்து யூனிட், அணைக்க மறந்த சிவப்பு விளக்கின் கைவேலையாகவே இருக்கலாம்.

இவை 2022-இன் விகிதங்கள். அதற்குப் பின்னர் விகிதங்கள் திருத்தப்பட்டுள்ளன. உங்கள் வீட்டுப் பட்டியலில் உள்ள இன்றைய விகிதங்களை வைத்து நீங்களே இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறலாம், பாடம் மாறாது.

வாடகை வீட்டுக்காரர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. பல வீடுகளில் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒரே விலையைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இலவச யூனிட்டும் இல்லை, மலிவான படியும் இல்லை. ஒவ்வொரு வாளிக்கும் அவர்கள் முழு விலை கொடுக்கிறார்கள்.

கடலுக்குப் போகும் வெப்பம்

பணக் கணக்கு முடிந்தது. இனி ஆற்றல் கணக்கு. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றும் சூரியனும் தரும் பங்கு பெருகிவருகிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அமைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆனால் நாம் கீசரைப் போடுவது எப்போது? மார்கழியில், சூரியன் எழும் முன்னர். கமுதியில் அப்போது ஒளியில்லை. காற்றாலைகளுக்கு உகந்த தென்மேற்குக் காற்று செப்டம்பரோடு ஓய்ந்துவிட்டது. ஆகவே அந்த வேளையில் பெரும் சுமையைத் தாங்குவது தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களே.

தூத்துக்குடிக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது? ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலிலும் வருகிறது. அதை எரித்து, 500 டிகிரிக்கும் மேல் சூடான நீராவியை உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றுகிறார்கள். இங்கேதான் இயற்கை ஒரு வரி வசூலிக்கிறது. வெப்பத்தை முழுவதும் மின்சாரமாக மாற்ற முடியாது. இது எந்திரப் பொறியாளரின் குறையன்று. வெப்ப இயக்கவியலின் விதி. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இரண்டு பங்கில் பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே திரும்புகிறது. கொஞ்சம் புகைபோக்கி வழியே போகிறது.

அப்படி அரும்பாடுபட்டுப் பெற்ற மின்சாரத்தைக் கம்பி வழியே மதுரைக்குக் கொண்டுவந்து நாம் என்ன செய்கிறோம்? மறுபடியும் வெப்பமாக மாற்றுகிறோம்! அதாவது மதுரையில் ஒரு வாளி நீரைச் சூடாக்க, அதைப்போல் இரண்டு வாளி நீரைச் சூடாக்கும் வெப்பத்தை வழியில் கொட்டிவிடுகிறோம். நம் வீட்டின் 150 யூனிட்டுக்கு ஏறத்தாழ நூறு கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் சாம்பலாக மிஞ்சும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வானில் கலந்திருக்கும்.

மின்சாரம் உயர்தர ஆற்றல். அது மோட்டாரைச் சுழற்றும், விளக்கை எரிக்கும், கணிப்பொறியை இயக்கும், மருத்துவமனையில் உயிர் காக்கும். வெதுவெதுப்பான நீரோ தாழ்தர வெப்பம். தாழ்ந்ததற்கு உயர்ந்ததைச் செலவிடுவது, சந்தனக் கட்டையை விறகாக அடுப்பில் வைப்பதற்குச் சமம். எரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நன்றாகவே எரியும். ஆனால் செய்யத் தகாதது.

நீரைச் சூடாக்க எவ்வளவு பெரும் ஆற்றல் வேண்டும் என்பதை இன்னொரு வகையிலும் காணலாம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையிலிருந்து குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. பிறகு வைகை அணைக்கு வருகிறது. அங்கிருந்து மதுரைக்குக் குடிநீராகவும் வருகிறது. உங்கள் வாளியில் இருப்பது, ஒருவேளை, ஏற்கெனவே மின்சாரம் தந்துவிட்டு வந்த நீர்!

விழும் நீரின் ஆற்றலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை 1840-களில் ஜேம்ஸ் ஜூல் அளந்து காட்டினார். அவர் வழிக் கணக்கின்படி, நீர் ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் முழுவதும் சேர்ந்து அந்த நீரை ஒரே ஒரு டிகிரிதான் சூடாக்கும். 15 டிகிரி சூடாக்க வேண்டுமானால் 6,400 மீட்டருக்கு மேல் விழ வேண்டும். அது கொடைக்கானலைப்போல் மூன்று மடங்கு உயரம். உங்கள் ஒரு வாளி நீர் இதமாக இருக்கக் கொடைக்கானலின் மேல் இன்னும் இரண்டு கொடைக்கானலை அடுக்க வேண்டும்!

மொட்டைமாடியில் இருக்கும் அடுப்பு

இத்தனை பாடுபட்டு நாம் தேடும் அந்த வெப்பம் எங்கே கிடைக்கிறது? தலைக்கு மேலே கிடைக்கிறது. மதுரைச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் ஆண்டுச் சராசரியாக ஏறத்தாழ 5 யூனிட். மார்கழியில் சற்றுக் குறையும். ஆனாலும் பனி விலகிய பிறகு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். வெயிலின் திறமை விளங்கும்.

நம் பாட்டிகள் இதை அறிந்திருந்தார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன் அண்டா நிறைய நீரை முற்றத்து வெயிலில் வைப்பார்கள். பதினொரு மணிக்குள் நீர் இதமாகிவிடும். மின்சாரமும் இல்லை, விறகும் இல்லை.

இதையே அறிவியல் ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. 1767-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சோசூர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து வைக்கலாம் என்று காட்டினார். கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. சூடான பரப்பு வெளியிடும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடுவதில்லை. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகளை வைத்துச் சூரிய நீர்சூடேற்றிக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று மாடிகளில் காணும் சூடேற்றியும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. கறுப்புப் பூச்சுள்ள குழாய்கள் வெயிலை உறிஞ்சுகின்றன. உள்ளே உள்ள நீர் சூடாகி, அடர்த்தி குறைந்து, மேலே உள்ள தொட்டிக்கு ஏறுகிறது. குளிர்ந்த நீர் கீழே இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. தொட்டியைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை இருப்பதால், பகலில் பிடித்த சூடு மறுநாள் விடியல் வரை காத்திருக்கிறது. மின்சாரத்தைச் சேமித்து வைக்க விலையுயர்ந்த மின்கலம் வேண்டும். வெந்நீரைச் சேமித்து வைக்கப் போர்த்திய ஒரு தொட்டி போதும்.

நூறு லிட்டர் சூடேற்றிக்கு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்பு. அதன்மேல் ஒரு நாளில் விழுவது 10 யூனிட். பாதியைப் பிடித்தாலும் 5 யூனிட். நம் குடும்பத்துக்கு வேண்டியது 2.1 யூனிட்தானே! அதே இரண்டு சதுர மீட்டரில் சூரிய மின்தகடு வைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது 2 யூனிட்தான், மின்சாரமாகும். வெப்பம் வேண்டுமென்றால் வெப்பமாகவே பிடிப்பதுதான் நேர்வழி.

மறுப்புகளும் பதில்களும்

"எல்லாம் சரி, மதுரையில் வெந்நீர் தேவைப்படுவது நாலு மாதம்தானே? அதற்குப் பல ஆயிரம் ரூபாய் போட்டு எந்திரம் வாங்குவதா?" என்று உங்கள் தந்தை கேட்கலாம். இது நல்ல கேள்வி. ஆண்டு முழுவதும் வெந்நீர் செலவாகாத சிறு குடும்பத்துக்குப் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் எந்திரம் வாங்கச் சொல்லமாட்டேன். பழக்கத்தை மாற்றச் சொல்வேன். மாலை நான்கு மணிக்கு மாடித் தொட்டி நீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். விளையாடிவிட்டு வரும் நீங்கள் அப்போதே குளித்தால் ஒரு காசு செலவில்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் மாலைக் குளியலுக்கு மாறினாலே எட்டு வாளி ஆறு வாளியாகிவிடும்.

ஆனால் மாணவர் விடுதி, மருத்துவமனை, தங்கும் விடுதி, திருமண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் கதை வேறு. அங்கே ஆண்டு முழுவதும் வெந்நீர் ஓடுகிறது. அந்த மாடிகள் வெறுமையாகக் காய்வதற்குச் சமாதானமே இல்லை.

"ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யுமே?" பெய்யும். அந்த நாட்களில் மின்சாரத்தின் துணையை நாடுவதில் தவறில்லை. அறுபது நாளும் நாடுவதுதான் தவறு.

"மதுரை ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாயிற்றே?" உண்மை. கடின நீரைச் சூடாக்கினால் வெள்ளைப் படிவு குழாயை அடைக்கும். கீசரின் கம்பியையும் அதே படிவு மூடி, வெப்பம் நீருக்குப் போவதைத் தடுக்கும். எந்த முறையானாலும் ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்தாக வேண்டும்.

"அப்படியானால் விறகும் எரிவாயுவும்?" சீமைக் கருவேல விறகை எரித்து வெந்நீர் போடும் வீடுகள் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் இன்றும் உண்டு. விலை குறைவு, ஆனால் அந்தப் புகை அடுப்பருகே நிற்கும் பெண்களின் நுரையீரலுக்குள் போகிறது. எரிவாயு அடுப்பில் நிலக்கரியைப்போல் பாதி வழியில் வெப்பம் கொட்டுவதில்லை. ஆயினும் சிலிண்டர் விலை எல்லோருக்கும் தெரிந்ததே. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயுச் சூடேற்றி வைப்பதோ உயிருக்கே ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, மயங்குவது தெரியாமலே ஆளை வீழ்த்திவிடும்.

மின்சாரம்தான் வேண்டுமென்றால், வெப்ப எக்கி என்ற கருவி இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டது போன்றது அது. வெளிக்காற்றின் வெப்பத்தைப் பிடித்து நீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். காற்றே சூடாக இருக்கும் நம் ஊரில் அது இன்னும் எளிதாக வேலை செய்யும். விலை அதிகமாதலால் பெரிய விடுதிகளுக்குப் பொருத்தம்.

முட்டுக்கட்டை எங்கே?

இவ்வளவு தெளிவான ஒன்று ஏன் பரவவில்லை? விடை அறிவியலில் இல்லை, சாவிக்கொத்தில் இருக்கிறது. மொட்டைமாடியின் சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம். மின்கட்டணம் குடியிருப்பவர் தலையில். சூடேற்றி வாங்க வேண்டியவர் ஒருவர். பயன் பெறுபவர் இன்னொருவர். ஆகவே கட்டுபவர் மலிவான கீசரை மாட்டிவிட்டுப் போகிறார். அதற்கான விலையைக் குடியிருப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுக்கணக்கில் கட்டுகிறார்.

இம்மாதிரி முடிச்சைத் தனிமனிதர் அவிழ்க்க முடியாது, விதி வேண்டும். இஸ்ரேல் நாடு 1980-இல் புதிய வீடுகளுக்குச் சூரிய நீர்சூடேற்றியைக் கட்டாயமாக்கியது. கர்நாடக அரசு 2007-இல் பெங்களூரிலும் அத்தகைய விதியைக் கொண்டுவந்தது. அங்கே இப்போது மாடிக்கு மாடி சூடேற்றிகளைக் காணலாம். மதுரையைவிடப் பெங்களூரில் வெந்நீர் தேவை அதிகம் என்பது உண்மை. ஆனால் வெயில் மதுரையில் குறைவா என்ன? புதிதாக எழும் அடுக்குமாடிகளுக்கும் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெந்நீர் வெயிலிலிருந்துதான் வர வேண்டும் என்பதை வரைபடத்திலேயே பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு உண்மையில் வைத்தார்களா என்றும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டும்போதே குழாய் போட்டுவிட்டால் செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதுதான் செலவு.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் வீட்டு மின்மீட்டரைப் பாருங்கள். ஒரு வாரம், குளியல் தொடங்கும் முன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் அளவைக் குறித்து வையுங்கள். மீட்டரின் முகப்பில் மின்னும் சிறு விளக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், ஒரு வாளி வெந்நீருக்கு அது 840 முறை மின்னும். கீசரைப் போட்டதும் அது எப்படிப் படபடவென்று துடிக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, ஒரே அளவான இரண்டு தகரக் குவளைகளை எடுத்து, ஒன்றுக்குக் கறுப்பும் ஒன்றுக்கு வெள்ளையும் பூசுங்கள். நீர் நிரப்பி, மேலே கண்ணாடித் துண்டு மூடி, காலை பத்து மணிக்கு வெயிலில் வையுங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். நான் சொன்னது சரியா என்று அந்தக் கோடு சொல்லும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வாளியில் போடும் ஹீட்டர் கம்பி பல வீடுகளில் இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது நீரைத் தொட்டுச் சூடு பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை வையுங்கள். உலோக வாளியில் போடவே வேண்டாம். வீட்டில் மின்கசிவுக் காப்பு இணைப்பான் இல்லையென்றால் பொருத்தச் சொல்லிப் பெரியவர்களிடம் பிடிவாதம் பிடியுங்கள். மிட்டாய்க்குப் பிடிக்கும் பிடிவாதத்தைவிட இது உயர்ந்தது.

அடுத்த மின்கட்டணம் வரும்போது, உங்கள் குறிப்பேட்டை அப்பாவின் முன் விரித்து வையுங்கள். எத்தனை யூனிட் விளக்குக்கு, எத்தனை யூனிட் வெந்நீருக்கு என்று காட்டுங்கள். பாட்டிக்கு வெந்நீர் குறையக் கூடாது. ஆனால் யாருமில்லாத குளியலறையில் சிவப்பு விளக்கு எரியவும் கூடாது. நாளை நீங்களே வீடு கட்டும் பொறியாளராகவோ, அதற்கு அனுமதி வழங்கும் அதிகாரியாகவோ வருவீர்கள். அப்போது வரைபடத்தில் மொட்டைமாடியை முதலில் பாருங்கள்.